ஓர் இரவுக்கு ரியோகன்

ஜப்பான் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்லி அனுப்புவது, ஓர் இரவாவது ரியோகன் என்ற மரபு விடுதியில் தங்கிப் பாருங்கள் என்பதுதான். நல்ல யோசனை. ஆனால் எந்த ஊரில், யாருக்கு என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது.

ரியோகனில் கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, தலைக்கு. 20,000 யென் என்று போட்டிருந்தால் தம்பதிக்கு 40,000. இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம். ததாமிப் பாய்த் தரையிலும் ஃபுத்தோன் மெத்தையிலும் படுப்பதற்காக மட்டும் யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை. சிறு சிறு கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வரும் கைசெகி விருந்துக்கும் ஒன்சென் வெந்நீர்க் குளியலுக்கும்தான் அந்தப் பணம். விருந்து ஆறு, ஏழு மணிக்கே தொடங்கிவிடும். மறுநாள் காலை பத்து மணிவாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும். பகலெல்லாம் கோயில் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்து சேர்கிறவர் எதற்குப் பணம் கொடுத்தாரோ அதையே இழக்கிறார். கியோத்தோவில் பெரும்பாலோர் கதை இதுதான். 2026 மார்ச் முதல் அங்கே தங்கும் வரியும் ஏறிவிட்டது. மிக விலையுயர்ந்த அறைகளுக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 10,000 யென். கினோசாகி போன்ற குளியல் ஊர்களில் கணக்கு வேறு. அங்கே மாலையில் யுகாத்தா அங்கி உடுத்தி ஒரு குளியலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதே பயணம்.

சைவ உணவுக்காரர்களுக்கு இதில் பெரிய சிக்கல் உண்டு. மீன் வேண்டாம் என்று எழுதினால் தட்டில் மீன் வராது, சாற்றில் இருக்கும். ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி, நம் மாசிக் கருவாட்டுக்கு உறவான கட்சுவோபுஷியில் காய்ச்சப்படுவது. கடைசி நேரத்தில் அதை மாற்றச் சொல்வது சமையல்காரருக்கும் அநியாயம். இவர்களுக்கு என் பரிந்துரை கோயாசான். துறவி கூக்காய் 816இல் தொடங்கிய அந்த மலைத்தலத்தில் சுமார் ஐம்பது மடாலயங்கள் விருந்தினரை ஏற்கின்றன. அங்கே பரிமாறும் ஷோஜின் என்ற மடாலயச் சைவ உணவில் மரபுப்படி வெங்காயம், பூண்டுகூட இல்லை. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. பல அறைகளில் சுவருக்குப் பதில் காகிதக் கதவு, குளிர்காலத்தில் கடுங்குளிர். பொறுத்துக்கொள்ளலாம்.

மற்ற இரவுகளுக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய பிசினஸ் ஹோட்டல் போதும். பெட்டியைத் தரையில் விரித்துத் திறக்க இடமிருக்காது. ஆனால் சுத்தம், நள்ளிரவிலும் சாவி கிடைக்கும். பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் மின்பாகு வீடுகள் நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மட்டும், அதுவும் அரசுப் பதிவு எண் இருந்தால். 2018 ஜூனில் இவ்வகை வீடுகளுக்கான புதிய சட்டம் வந்தபோது, பதிவில்லாத வீடுகளில் இடம் பிடித்திருந்த பலரின் முன்பதிவு ரத்தானது.

ஆக, ஒரே ஓர் இரவு ரியோகன்; விலை ஏறும் சனிக்கிழமை வேண்டாம். பன்னாட்டுத் தளங்களில் சாப்பாடில்லாத அறையை மலிவு என்று எடுத்துவிடாமல், விடுதியின் சொந்தப் பக்கத்தில் உணவோடு பதிவு செய்யுங்கள். சைவ உணவுக்காரர்கள் கினோசாகியைத் தயங்காமல் விட்டுவிடலாம். குளிர்காலத்தில் அங்கே கூட்டம் போவது நண்டு தின்னத்தான்.