உப்புக்காற்றில் ஓடிய வண்டி

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதிக்கவிட்டு, சத்தத்தைக் கேட்டு, சைலன்சர் புகையைப் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறார். வேலூரிலோ திருத்தணியிலோ இது ஓரளவு போதும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய எளாவூர், சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம் பக்கம் போதாது. இங்கே இன்ஜினுக்கு முன்னால் துருவைப் பார்க்க வேண்டும்.

இன்ஜினைப் பார்க்கவே வேண்டாம் என்பதில்லை. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால்காப்பி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். ஆனால் பெட்ரோல் ஆம்னி, ஈக்கோவுக்கு மெக்கானிக்கும் கிடைப்பார், உதிரிபாகமும் கிடைக்கும். செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். காமன் ரெயில் டீசலுக்கு மட்டும் இந்தத் தாராளம் ஆகாது. இன்ஜெக்டர் போனால் கையைக் கடிக்கும்.

துருவுக்கு அப்படிக் கழிவு போட முடியாது. சுமோ, குவாலிஸ், டவேராவில் தனி சேசிஸ் உண்டு. அதன்மேல் பாடி உட்கார்ந்திருக்கிறது. ஆம்னி, ஈக்கோ, எர்டிகாவில் பாடிதான் எலும்புக்கூடு. ஆம்னியின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருப்பதும் அதில்தான். அந்த இடம் இற்றுப்போன வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் ஏறக் கூடாது.

மீன் ஏற்றிய ஆம்னியை எப்படிக் கண்டுபிடிப்பது? பின் சீட்டைக் கழற்றி ஐஸ் போட்ட இறால் பெட்டிகளை ஏற்றினால், உருகும் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கித் தேங்கும். விற்கும்போது சீட்டைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். வாசனைக்கு ஏதாவது தொங்கும். விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். ஸ்லைடிங் கதவின் கீழ்த் தடத்தில் விரலை ஓட்டுங்கள். செதில் செதிலாக வந்தால் உஷார். அடியில் படுத்து, படிக்குக் கீழுள்ள தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும். பட்டி வைத்த இடம் பொத்தென்னும். மேலோட்டமான செம்மை பரவாயில்லை, சுரண்டினால் போகும். எனக்கு அதிகச் சந்தேகம் தருவது பழைய வண்டியின் அடியில் புத்தம் புதிதாக மினுக்கும் கறுப்புக் கோட்டிங்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி அடுத்தது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை தெரியலாம்.

கிலோமீட்டர் மீட்டருக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. முப்பதாயிரம் என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கியிருந்தால் பெடலைத்தான் நம்ப வேண்டும்.

ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தடாவிலும் சூளூர்ப்பேட்டையிலும் மலிவாகக் கிடைத்தாலும், படிவம் 28 என்ஓசி வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். கடன் இருந்தால் படிவம் 35-உம் சேரும். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். என்ஓசி 'பிறகு தருகிறேன்' என்றால் அட்வான்ஸ் கொடுக்கவே வேண்டாம்.

ஆக, ஆயில் குடிக்கும் இன்ஜினோடு, அடித்தகடு கெட்டியாக இருக்கும் திருத்தணி ஈக்கோவை, இன்ஜின் செலவைக் கழித்துக்கொண்டு எடுக்கலாம். இன்ஜின் பட்டுப்போல ஓடி, அடியில் ஓட்டை விழுந்த கரையோர ஆம்னி பாதி விலைக்கும் வேண்டாம்.