எஃகில் வளர்ந்த உரோமம்

தபால்தலையில் குதிரையைக் கொண்டுவர நல்ல வெளிக்கோடு ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். செம்மறிக்கு அந்தச் சலுகை கிடையாது. விளிம்பு அதிகம் கறாராக விழுந்தால் ஆடு விறைத்துப்போகும். குழைந்துபோனால் பஞ்சுமூட்டை ஆகிவிடும். உரோமத்தின் அடர்த்தியும், அதற்கடியில் இருக்கும் உடம்பின் கனமும் ஒருசேரத் தெரிய வேண்டும். செம்மறித் தபால்தலைகளைச் சேர்க்கிற நான், லென்ஸை எடுத்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.

இதில் செதுக்கு அச்சுக்கு ஈடு இல்லை. எஃகில் படத்தை இடவலம் மாற்றிக் கோடுகோடாக வெட்டுவார்கள். அச்சுத் தகட்டில் மை பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். கடும் அழுத்தத்தில் தாள் அந்த மையை அள்ளிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு கோடும் தாளின்மேல் மெல்லிய மேடாக நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், உரோமத்துக்கு நிஜமாகவே நிழல் விழும். ஒரே ஒரு நிற மையில் இவ்வளவும் நடக்கிறது.

ஆஸ்திரேலியா 1934இல் வெளியிட்ட மக்கார்தர் நூற்றாண்டுத் தலைகளை நான் மிக உயர்வாக வைக்கிறேன். அந்நாட்டில் மெரினோ ஆடுகளை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் ஜான் மக்கார்தர், இறந்தது 1834இல். நினைவுத் தலையில் மனிதரின் முகம் இல்லை, ஒரு மெரினோ கிடா நிற்கிறது. மிகச் சரியான முடிவு என்பேன். 1809 முதல் 1817 வரை அவர் இங்கிலாந்தில் தங்க நேர்ந்தபோது மந்தையைக் கட்டிக் காத்தவர் மனைவி எலிசபெத். கிடாவை முன்னால் நிறுத்தியதால் அந்த மரியாதை இருவருக்கும் சேர்ந்தே போகிறது.

மெரினோவின் மயிர் மிக நுண்ணியது, கழுத்துத் தோலோ மடிப்புமடிப்பானது. எங்கே இருட்ட வேண்டும், எங்கே வெளுக்க வேண்டும் என்று அந்த மடிப்புகளே செதுக்குபவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். 2 பென்ஸ், 3 பென்ஸ், 9 பென்ஸ் என மூன்று மதிப்புகள். இவற்றில் 2 பென்ஸ் சிவப்பில் இரு வகை உண்டு. ஒன்றில் பின்னாலுள்ள குன்று இருண்டிருக்கும், மற்றதில் நிழல் சீராகி வெளிறியிருக்கும். சேகரிப்பவர்கள் டார்க் ஹில்ஸ், லைட் ஹில்ஸ் என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் ஓட்டு இருண்ட குன்றுக்கே. பின்னணி கறுக்கக் கறுக்க ஆட்டின் முதுகில் வெயில் ஏறுகிறது. வெளிறிய குன்றின் முன்னால் அதே கிடா கொஞ்சம் தட்டையாகிவிடுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1933இல், ஃபாக்லாந்து தீவுகளின் நூற்றாண்டு வரிசை வந்தது. திமிங்கிலம், பனிப்பாறை, பெங்குவின் எல்லாம் உள்ள அந்த வரிசையில், ஆகக் குறைந்த அரை பென்னித் தலை ரோம்னி மார்ஷ் கிடாவுக்குக் கிடைத்தது. பச்சைச் சட்டம், நடுவில் கறுப்புப் படம். ரோம்னியின் மயிர் மெரினோவைவிட நீளம், பளபளப்பும் கூட. ஆகவே கோடும் நீண்டு இறங்கியாக வேண்டும். இனத்துக்கு இனம் கோடு மாறுகிறதா என்று பார்க்கப் பழகிவிட்டால் வெறும் ஆட்டுப்படம் என்ற அலுப்பு வரவே வராது.

பரோயே தீவுகளின் 1979ஆம் ஆண்டு 25 குரோனர் தலையில் இந்தக் கலை உச்சிக்குப் போகிறது. செதுக்கியவர் செஸ்வாவ் ஸ்லானியா. போலந்தில் பிறந்து ஸ்வீடனில் வாழ்ந்தவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளைச் செதுக்கியவர். அந்தத் தீவுகளின் ஆட்டுக்கு மேல்மயிர் நீண்டு முரடாகவும் அடிமயிர் மெத்தென்றும் இருக்கும். மழையும் காற்றும் ஓயாத ஊருக்கு ஏற்ற உடுப்பு. மெரினோவுக்கு உதவிய மடிப்புகள் இங்கே இல்லை, மயிரை மட்டுமே நம்பி வெட்ட வேண்டும். அரசர்களின் முகத்துக்கும் அழகிகளின் கூந்தலுக்கும் புகழ்பெற்ற கை, ஒரு கிடாவுக்கும் அதே பொறுமையைக் கொடுத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் 1989 வரிசையும் நியூசிலாந்தின் 1991 வரிசையும் பல வண்ணத்தில் இனங்களை வரிசையாகக் காட்டுகின்றன. பெயர் தெரிந்துகொள்ள நல்லவை. ஆல்பத்தில் இடம் கொடுத்திருக்கிறேன், லென்ஸை அவற்றின்மேல் அதிகம் வைப்பதில்லை.

நியூசிலாந்து ஆட்டை வணிகச் சரக்காகவும் கொண்டாடிய நாடு. 1957இல் வந்த 8 பென்ஸ் தலையில் ஆட்டுக்குட்டியோடு டனீடின் என்ற பாய்மரக் கப்பலும் இருக்கிறது. 1882இல் அந்நாட்டிலிருந்து உறையவைத்த இறைச்சியை முதன்முதலாக லண்டனுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் அது.

இப்படி ஆடு தனியாகவே நிற்கிற என் பக்கங்களுக்கு இடையரைக் கூட்டிவருபவை கிறிஸ்துமஸ் தலைகள். பிரிட்டன் 1967இல் வெளியிட்ட மூன்றில் இரண்டு, இடையர்கள் குழந்தையை வணங்கும் ஓவியங்கள். ஒன்று செவில் பாணி, மற்றது லூயி லெ நெய்ன் வரைந்தது. நியூசிலாந்தின் முதல் கிறிஸ்துமஸ் தலையும், 1960இல் வந்தது, இதே காட்சிதான். ரெம்பிராண்ட் 1646இல் தீட்டிய ஓவியம் அது. பெரும்பகுதி இருட்டு, குழந்தையைச் சுற்றித்தான் ஒளி. அதைச் சிவப்பும் ஆழ்ந்த பழுப்புமாக இரண்டே நிறத்தில், 2 பென்ஸ் தலைக்குள் அடக்கியிருக்கிறார்கள். செதுக்கு அச்சின் கூர்மை இதில் இல்லை. இங்கே அது வேண்டியதும் இல்லை. பழுப்புக்குள் இடையர்கள் பாதி கரைந்துபோயிருக்கிறார்கள். முத்திரை விழாத பிரதி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். இந்தத் தலையில் ஒரு சொட்டுக் கறுப்பு மை விழுந்தாலும் அந்த ஒளி போய்விடும்.