பயம் நீங்கிய பின் எஞ்சும் இடம்
திகில் வீடியோ கேம் இசையின் மின்னணு மறுஆக்கங்கள்

திகில் விளையாட்டுக்கு இசையமைப்பவருக்குத் தன் இசை எப்போது முடியும் என்று தெரியாது. திரைப்படத்தில் கதவு எந்த நொடியில் திறக்கும் என்பது படத்தொகுப்பு மேசையிலேயே முடிவாகிவிடும். விளையாட்டிலோ கதவைத் திறக்க வேண்டியவர் ஆடுபவர். அவர் பயந்துபோய் வாசலிலேயே பத்து நிமிடம் நின்றால் இசையும் கூடவே காத்திருக்க வேண்டும். அதனால் இவ்வகை இசை மெட்டைவிடச் சுழற்சியையும் இடைவெளியையும், எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாத ஓசைகளையும் நம்பி வாழ்கிறது.

இந்த இசையை விளையாட்டிலிருந்து பிரித்தெடுத்து, ஆம்பியன்ட், ட்ரிப்-ஹாப், டார்க் ஆம்பியன்ட் போன்ற மின்னணுப் பாணிகளில் மறுஆக்கம் செய்யும் வழக்கம் கால் நூற்றாண்டாக வளர்ந்திருக்கிறது. பிரித்தெடுத்த கணமே ஆபத்து கழன்றுவிடுகிறது. ஹெட்போன் மாட்டிக் கேட்பவரை எதுவும் துரத்தப்போவதில்லை. அப்படியானால் மறுஆக்கத்தில் எஞ்சுவது என்ன? அந்தக் கதை நிகழ்ந்த இடம்தான் எஞ்சுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நல்ல மறுஆக்கங்கள் அரக்கனை விட்டுவிட்டு அவன் நடமாடிய கட்டடத்தைக் காப்பாற்றுகின்றன.

மூலத்திலேயே இருந்த மின்சாரம்

இத்துறையின் மையம் 1999இல் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’. அதன் இசையமைப்பாளர் அகிரா யமவோகா. கதை நடக்கும் ஊரை மூடியிருக்கும் பனிமூட்டம், தொலைவிலுள்ள காட்சிகளை வரைய முடியாத கருவியின் போதாமையையும் சேர்த்தே மறைத்தது. கண்ணால் காண முடியாததை அறிவிக்கும் பொறுப்பு காதுக்கு வந்தது. கதாநாயகன் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு ரேடியோ, கோர உருவம் எதுவும் நெருங்கினால் கரகரக்கும். இரைச்சலே தகவல். அதன் மேல் யமவோகா உலோகம் உராயும் சத்தங்களையும் இயந்திர முனகல்களையும் அடுக்கியபோது, எது பின்னணி இசை, எது பக்கத்து அறையில் நிஜமாகவே நடப்பது என்ற எல்லை அழிந்தது.

ஆனால் அதே விளையாட்டு மாண்டலினில் ஒலிக்கும் சோகமான மெட்டுடன்தான் தொடங்குகிறது. 2001இல் வந்த இரண்டாம் பாகத்தில் ‘தீம் ஆஃப் லாரா’ கிட்டாரிலும் ‘ப்ராமிஸ் (ரிப்ரைஸ்)’ பியானோவிலும் நெஞ்சை அழுத்தும். இரைச்சல், துயரம் என்ற இந்த இரு முனைகளுக்கு நடுவில்தான் மறுஆக்கக் கலைஞர்கள் இன்றுவரை உலவுகிறார்கள். தன்னைப் பாதித்தவர்களாக யமவோகா குறிப்பிடுபவர்களில் திரைப்பட இசையமைப்பாளர் ஏஞ்சலோ படலமென்டியும் ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ குழுவின் ட்ரென்ட் ரெஸ்னரும் உண்டு. ரெஸ்னரே 1996இல் ‘குவேக்’ விளையாட்டுக்கு இருண்ட, தாளம் குறைந்த இசையை அமைத்தவர். ஆகவே, ‘சைலன்ட் ஹில்’ இசையை மின்னணுப் பாணிக்குக் கொண்டுபோகிறவர் அதற்கு அந்நிய உடை எதையும் மாட்டவில்லை. அது பிறந்த வீட்டுக்கே அழைத்துப்போகிறார்.

இந்த நெருக்கமே ஒரு பொறியும்கூட. ‘தீம் ஆஃப் லாரா’வின் மெட்டு வலுவானது, அதனடியில் ஒரு தாளத்தைப் போட்டாலே கேட்கும்படியாகிவிடும். மெட்டு அப்படியே இருக்க, ஊர் காணாமல் போய்விடும்.

ஒரே கட்டடம், இரண்டு ஓசை

மெட்டுக்கும் இடத்துக்கும் உள்ள இந்த இழுபறியை ‘டூம்’ விளையாட்டு தெளிவாகக் காட்டுகிறது. 1993இல் கணினிக்கு வந்த மூல வடிவத்துக்கு பாபி பிரின்ஸ் அமைத்த இசையில் ஹெவி மெட்டலின் வேகம் முன்னால் நின்றது. ஆடுபவரைச் சுடத் தூண்டும் இசை அது. 1995இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது ஆப்ரி ஹாட்ஜஸ் அந்த மெட்டுகளைக் கைவிட்டு, நீண்ட ரீங்காரங்களையும் தொலைதூர அழுகுரல்களையும் வைத்தார். தாழ்வாரங்களும் எதிரிகளும் பெரும்பாலும் பழையவையே. ஆனால் முன்பு ஓடிக் கடந்த இடத்தில் இப்போது கால் தயங்கியது. ரசிகர்கள் கையில் எடுப்பதற்கு முன்பே, இசையை மாற்றினால் விளையாட்டின் சுபாவமே மாறும் என்பதைத் தொழில்முறைக் கலைஞர் ஒருவர் நிரூபித்துவிட்டார்.

ரசிகர்களின் பதில் 2005இல் வந்தது. 1999இல் டேவிட் லாய்ட் தொடங்கிய ‘ஓவர்க்ளாக்டு ரீமிக்ஸ்’ அமைப்பு, ‘த டார்க் சைடு ஆஃப் ஃபோபோஸ்’ என்ற தலைப்பில் ‘டூம்’ இசைக்கான கூட்டுத் தொகுப்பை இலவசமாக வெளியிட்டது. மெட்டல் கிட்டாரும் இருண்ட மின்னணு இசையும் அதில் மாறிமாறி வருகின்றன. இந்த அமைப்பின் விதி முக்கியமானது: மூல ஒலிப்பதிவை வெட்டி ஒட்டியிருந்தால் போதாது, மூலம் அடையாளம் தெரிய வேண்டும், அதே சமயம் புதிய விளக்கமும் இருக்க வேண்டும். நடுவர் குழு கேட்டுத் தேர்ந்தெடுக்கிறது. திகில் இசைக்கு இது கடினமான தேர்வு. மெட்டே இல்லாத ரீங்காரத்தை எப்படி அடையாளம் காட்டுவது? அதன் ஒலிநிறத்தையும் மூச்சுவிடும் வேகத்தையும்தான் சாட்சியாக வைக்க முடியும். தம்புராவின் சுருதி பாடகருக்கு நிலைகொள்ள இடம் தருவது. இங்குள்ள ரீங்காரமோ மெல்ல அரை சுரம் நழுவி, நின்ற இடத்தைப் பறிப்பது. அந்த நழுவலைக் கண்டுகொண்டவர்கள் வெல்கிறார்கள்.

தஞ்சம் தந்த அறை

இத்துறையை மேலோட்டமாகக் கேட்டாலே ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆம்பியன்ட் கலைஞர்கள் திரும்பத் திரும்ப நாடுபவற்றில் பயமுறுத்தும் பகுதிகளுக்கு நிகராக, பயமில்லாத பகுதிகளும் உண்டு. கேப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடன்ட் ஈவில்’ வரிசையில், 1996இன் முதல் பாகத்திலிருந்தே, ஆட்டத்தை இடையில் சேமித்துவைக்கும் ‘சேவ் ரூம்’ என்னும் அறைகள் இருக்கின்றன. ஒரு தட்டச்சு இயந்திரம், பொருள் வைக்க ஒரு பெட்டி, மிக மெதுவான சில சுரங்கள். இரண்டாம் பாகத்தின் ‘செக்யூர் பிளேஸ்’, மூன்றாம் பாகத்தின் ‘ஃப்ரீ ஃப்ரம் ஃபியர்’, நான்காம் பாகத்தின் ‘செரினிட்டி’ எல்லாம் இந்த மரபில் வந்தவை.

இவை ஆறுதலை முழுதாகத் தருவதில்லை. கதவுக்கு வெளியே இருப்பது அப்படியே இருக்கிறது என்பதை இசை மறக்கவிடாது. ஓய்வுக்குள்ளும் ஒரு கலக்கம் இழையோடும். ஆம்பியன்ட் இசைக்கு இதைவிடப் பொருத்தமான மூலம் கிடைப்பது அரிது. மழைச் சத்தத்தைச் சேர்த்து, வேகத்தைக் குறைத்து, மணிக்கணக்கில் ஓடும்படி ஆக்கப்பட்ட வடிவங்களை மக்கள் படிக்கவும் தூங்கவும் பயன்படுத்துகிறார்கள். பயன்பாட்டைக் குறை சொல்ல முடியாது. கலையாக எடைபோடும்போது, கதவுக்கு வெளியே எதுவுமே இல்லை என்று நம்பவைக்கும் வடிவங்கள் மூலத்தின் பாதியைத் தொலைத்துவிடுகின்றன என்றே சொல்ல வேண்டும்.

பட்டறை

இந்த இசையின் தனி நிறம் கருவியின் வறுமையிலிருந்து வந்தது. முதல் பிளேஸ்டேஷனின் ஒலிச் சில்லில் 24 குரல்கள், 512 கிலோபைட் நினைவகம் மட்டுமே. ஒலித்துணுக்குகளைச் சுருக்கித்தான் உள்ளே அடைக்க முடியும். ஓரங்கள் தேய்ந்து சொரசொரப்பாகும். அதன் மேல் சில்லின் சொந்த எதிரொலி படியும். ரீமிக்ஸ் செய்பவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது இந்த அழுக்கைப் பற்றித்தான். துல்லியமான புதிய சின்தசைசர் ஒலிகளை வைத்தால் பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும் என்று கருதுவோர், வேண்டுமென்றே ஒலியின் தரத்தைக் குறைத்துத் தேய்மானத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

இன்னொரு வழி நேரத்தை இழுப்பது. ருமேனியரான பால் நாஸ்கா எழுதிய ‘பால்ஸ்ட்ரெட்ச்’ என்ற இலவச மென்பொருள், சுருதி மாறாமல் ஒலியைப் பல மடங்கு நீட்டும். நான்கு நொடி பியானோ பல நிமிட மேகமாகிவிடும். முயற்சி குறைவு, பலன் உடனடி. அதனால் ஒரே மாதிரியானவை குவிந்தும் கிடக்கின்றன.

முடிந்த ஒலிப்பதிவிலிருந்து கருவிகளைப் பிரிக்கும் மென்பொருள்கள் அண்மைய வரவு. டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஸ்ப்ளீட்டர்’ பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். பாட்டுக்கு இது போதும். தகரம் கிழிபடும் யமவோகாவின் இரைச்சல் பெரும்பாலும் ‘மற்றவை’ கூடையில்தான் விழும். எனவே காதால் கேட்டு, அடுக்கடுக்காகப் புதிதாய்க் கட்டும் பழைய உழைப்புக்கு இத்துறையில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

சட்டமும் அந்தத் திசையிலேயே தள்ளுகிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே வெளியான இசைப்படைப்பை உரிமத்தொகை செலுத்திப் புதிதாக வாசித்து வெளியிடலாம். அடிப்படை மெட்டையும் இயல்பையும் மாற்றக் கூடாது. மூல ஒலிப்பதிவைத் துண்டெடுத்துப் பயன்படுத்த அதன் உரிமையாளரின் தனி அனுமதி தேவை. துணிச்சலாக மாற்றும் மறுஆக்கமே சட்டத்தின் நிழலில் அதிகம் அஞ்ச வேண்டியிருக்கிறது என்பது இதன் முரண்.

மெட்டின் பழிவாங்கல்

சூழல் மட்டும் போதுமா? 2019இல் ‘ரெசிடன்ட் ஈவில் 2’ மறுபடி உருவாக்கப்பட்டபோது, 1998இன் மெட்டுகள் பின்னுக்குப் போய், அடங்கிய ஓசைச்சூழல் முன்னுக்கு வந்தது. நவீனத் திகில் இலக்கணப்படி அது சரியான முடிவு. ஆயினும் பழைய இசைக்கு மாறிக்கொள்ளும் வசதியையும் கேப்காம் தனியாக விற்றது. பழைய மெட்டுகளைக் காசு கொடுத்துக் கேட்க ஆளிருக்கும் என்று நிறுவனமே கணித்திருந்தது. 2024இல் ‘சைலன்ட் ஹில் 2’ மறுவடிவத்துக்கு யமவோகாவே திரும்பி வந்து தன் பழைய இசையைப் புதிதாக விரித்தபோது, ரசிகர்கள் பலகாலம் செய்துவந்ததை மூலவரே செய்து காட்டினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரீமிக்ஸ் கலைஞரின் கடன் இரட்டைக் கடன் என்பது தெரிகிறது. மெட்டைக் கைவிட்டால் விளையாடியவரின் நினைவுக்கு வழி அடைபடும். இடத்தைக் கைவிட்டால் விளையாடாதவருக்கு எஞ்சுவது இன்னொரு மென்சோகப் பாட்டு மட்டுமே. அந்த விளையாட்டை ஒருமுறைகூட ஆடாத ஒருவரைக் கேட்கவைத்து, ‘இது எந்த மாதிரி இடம்?’ என்று கேட்பதே நியாயமான சோதனை. பூட்டிய மருத்துவமனை, ஈரச் சுவர், ஆளற்ற நீண்ட நடைவழி என்று அவர் தடுமாறியாவது ஒன்றைச் சொன்னால் அந்த மறுஆக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. ‘நன்றாக இருக்கிறது’ என்பது மட்டுமே பதிலானால், அதைச் செய்தவர் மறுபடி பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.