டேப்பில் பாடம்: குழந்தைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

பாடங்கள் ஏற்றிய டேப்லெட்டைச் சந்தாவுக்கு வீட்டிற்கே அனுப்பும் கற்றல் சேவைகள் கொரோனாப் பொதுமுடக்கக் காலத்தில் இந்தியாவில் வேகமாகப் பரவின. விற்க வருபவர்கள் காணொளிகளின் எண்ணிக்கையையும் வண்ணப் படங்களையும்தான் முதலில் காட்டுகிறார்கள். தேர்வுக்கு அவை உதவா. குழந்தை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பதைச் சேவை கண்டுபிடிக்கிறதா என்பதே முதல் கேள்வி.

1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என விடை எழுதுவது ஐந்தாறாம் வகுப்புகளில் அடிக்கடி நேரும் பிழை. தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியதன் விளைவு அது. ‘தவறு’ என்று காட்டிவிட்டு அதே காணொளியை மறுபடி ஓட்டினால் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. நல்ல சேவை அந்த விடையையே பிடித்துக்கொள்ளும். 2/5 என்பது அரையைவிடச் சிறியது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டிய பிறகு எப்படிக் குறையும் என்று படம் போட்டுக் கேட்கும். அடிப்படையே ஆட்டம் கண்டிருந்தால் கீழ்வகுப்புப் பாடத்துக்கு அழைத்துப்போகும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் இதை ஒவ்வொருவருக்கும் செய்ய இயலாது. இந்தச் சேவைகளின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

அதற்குச் சான்றும் உண்டு. தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளைப் பற்றிக் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது தெரிந்தது. நாலரை மாதப் பயிற்சியில் கணக்கு, இந்தி இரண்டிலும் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. ஆனால் அவர்கள் மையத்துக்கு வந்து, பாதி நேரம் கணினியிலும் பாதி நேரம் சிறு குழுவாக ஆசிரியர் துணையோடும் பயின்றவர்கள். கருவியை மட்டும் கொடுத்துப் பார்த்த நாடு பெரு. அங்கே மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தின் 2012 மதிப்பீடு கணக்கிலும் மொழியிலும் எந்த முன்னேற்றத்தையும் காணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லையென்றால் டேப்பிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வினாக்களே நிறைந்திருப்பது இச்சேவைகளின் இன்னொரு குறை. ஊகித்துத் தொட்டாலும் மதிப்பெண் கிடைக்கும். செய்முறை யார் கண்ணுக்கும் படாது. நோட்டில் எழுதிப் போடவைக்கும் சேவை இதில் மேல்.

பண விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. சில விற்பனைகளில் சந்தா என்று சொல்லப்படுவது உண்மையில் கடன் ஒப்பந்தம். குழந்தை டேப்பைத் தொடாவிட்டாலும் மாதத் தவணை நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதிப்பதைத் தவிர்க்குமாறு ஒன்றிய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. இடையில் நிறுத்தினால் பணம் திரும்புமா, டேப் யாருக்குச் சொந்தம் என்பவற்றை எழுத்தில் பெறாமல் கையெழுத்திடக் கூடாது.

தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்குப் பாடமும் கலைச்சொற்களும் தமிழில் உள்ளனவா என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். தமிழக அரசின் ‘மணற்கேணி’ செயலி பாடக் காணொளிகளைத் தமிழ், ஆங்கிலம் இருமொழியிலும் இலவசமாகத் தருகிறது. காணொளி மட்டுமே வேண்டுமென்றால் கட்டணச் சேவைக்கு அவசியமில்லை.