கடிதம் முடிந்த இடத்தில் பாட்டு

ஷார்ஜாவிலோ அபுதாபியிலோ சனி, ஞாயிறு இரவில் தமிழ் வீடொன்றுக்குப் போனால், தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006இல் தொடங்கியது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய பாட்டுச் சுற்று வந்துவிட்டால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான். பாடுகிற பிள்ளைகளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுருதி சுத்தம், தாளம் சுத்தம், பின்னால் முழு வாத்தியக் குழு. ஆனாலும் பாட்டு முடிந்ததும் எனக்கு ஒரு குறை மிஞ்சுகிறது. அது என்ன என்று கேட்டுக்கொண்டதில், பதில் பாட்டைவிட்டு ஒலிநாடாவுக்குப் போனது.

ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கையில் டூ-இன்-ஒன் இல்லாமல் இறங்குவது அபூர்வம். அது பாட்டுக் கேட்க மட்டும் வாங்கிய பெட்டி அல்ல. தொலைபேசி எட்டாத விலையில் இருந்தது. எழுதத் தெரியாத அம்மாக்கள் இருந்தார்கள். எழுதத் தெரிந்தும், இன்னொருவரைக் கொண்டு எழுதுவித்தால் சொல்ல முடியாத விஷயங்கள் இருந்தன. அதனால் பேசிப் பதிந்து, பயணம் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நலம் விசாரிப்பு, கடன் கணக்கு, யார் வீட்டில் என்ன விசேஷம், நடுவில் பிள்ளையை இழுத்துவந்து பேசவைப்பது, பின்னால் காக்கை, பாத்திரச் சத்தம், வானொலி.

இதற்குப் புதுக் கேசட் எப்போதும் கிடைப்பதில்லை. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில், பதிவைத் தடுப்பதற்காக உடைத்த சிறு ஓட்டை இருக்கும். அதன்மேல் செலோடேப் ஒட்டினால் பதியலாம். அப்படிப் பதிந்தால் பேசிய நேரத்துக்கு மட்டும் பழைய பாட்டு அழியும், மிச்சம் அப்படியே கிடக்கும். “சரி, உடம்பைப் பாத்துக்க” என்று குரல் நின்றதும், அடுத்த நொடி ஒரு சரணத்தின் பாதியிலிருந்து பாட்டுத் தொடங்கும். பேச்சு முடிகிற இடத்தில் எந்தப் பாட்டின் எந்த அடி வரும் என்பது அந்த வீட்டுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

என் குறையின் பதில் இங்கே இருக்கிறது. தொலைக்காட்சி நமக்குத் திருப்பித் தருகிற பழைய பாட்டு முதலடியிலிருந்து தொடங்கிக் கடைசியடியில் முடிகிற பாட்டு. வளைகுடாவின் காது கேட்ட பாட்டு பேச்சோடு ஒட்டியது, பாதியில் தொடங்கியது, யாரோ ஒருவரின் மௌனத்துக்குப் பிறகு வந்தது. போட்டியின் நடுவர்கள் சங்கதியைப் பற்றிச் சொல்வார்கள், மூச்சைப் பற்றிச் சொல்வார்கள். பாட்டுக்கு முன்னால் வந்த மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இதை ஒரு திரைப்படம் எனக்குத் தெளிவாக்கியது. சந்தானபாரதி இயக்கிய ‘குணா’ 1991இல் வந்தது. இளையராஜாவின் இசையில், வாலி எழுதி, கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய அதன் கடிதப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எழுதியதை அவள் படிக்கும்போது அது பாட்டாகிறது. அவன் தடுமாறுகிற இடங்களும் வசனமாகவே பாட்டுக்குள் இருக்கின்றன. தமிழ்ச் சினிமாவில் கேசட் கடிதத்துக்கு மிக நெருங்கிய பாட்டு இதுதான் என்பேன். 2024இல் சிதம்பரத்தின் மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அதே பாட்டை எடுத்துக்கொண்டது. கொடைக்கானலின் குணா குகைக் குழிக்குள் விழுந்த நண்பனை மேலிருந்து பெயர் சொல்லிக் கத்தி அழைக்கிறார்கள். பதில் வருமா என்று காத்திருக்கிறார்கள். அவனை மேலே இழுக்கும்போதுதான் பாட்டு வருகிறது. அனுமதி பெறாமல் பயன்படுத்தியதாக இளையராஜா தரப்பு அறிவிப்பு அனுப்பியது தனி வழக்கு. படத்தின் தேர்ச்சி, பாட்டுக்கு முன்னால் அந்தக் கூப்பிடுதலையும் காத்திருப்பையும் வைத்ததில் இருக்கிறது. பழைய பாட்டைப் போட்டால் கைதட்டு வரும் என்று நம்பி எடுத்த பல தமிழ்ப் படங்களுக்கு இந்தப் பொறுமை இல்லை.

மலையாளிகளுக்கு இந்தக் கலையில் முன்னனுபவம் உண்டு. எழுபதுகளிலேயே எஸ். ஏ. ஜமீல், ஊரிலிருக்கும் மனைவி துபாயிலிருக்கும் கணவனுக்கு எழுதும் கடிதத்தை மாப்பிளைப் பாட்டாக்கினார். கணவனின் பதிலையும் இன்னொரு பாட்டாக்கினார். கேசட்டில் ஊரெல்லாம் சுற்றிய பாட்டுகள் அவை. அதே விமானங்களில் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்த நம்மிடம் அதற்கு ஈடாக எல்லோரும் அறிந்த ஒரு பாட்டு இல்லை. சேரனின் ‘வெற்றிக் கொடி கட்டு’ 2000இல் துபாய் வேலை மோசடியைப் பேசியது. அது போக முடியாதவர்களின் கதை. போனவர்களின் குரல் வீட்டுக் கேசட்டுகளிலேயே தங்கிவிட்டது.

இன்றைய வடிவம் வாட்ஸ்அப் குரல் செய்தி. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, அனுமதி பெற்ற வேறு செயலிகள் வேண்டும். குரல் செய்தி மட்டும் தடையில்லாமல் போய்வருகிறது. அதனால் நாம் மீண்டும் பேசிப் பதிந்து அனுப்புகிறவர்களாகிவிட்டோம். 2021இல் அதில் ஒரு வசதி வந்தது. ஒன்றரை மடங்கு, இருமடங்கு வேகத்தில் கேட்கலாம். பேட்டரி தீர்ந்த டேப்பில் குரல் இழுபடும்போது சுருதியும் இறங்கும், ஏதோ கோளாறு என்று காது சொல்லிவிடும். இங்கே சுருதி மாறுவதில்லை, சொற்களோடு இடைவெளிகளும் சுருங்குகின்றன. அம்மா சொன்ன சேதி முழுதாக வருகிறது, சொல்வதற்கு முன் அவர் தயங்கிய நேரம் பாதியாகிவிடுகிறது. அவசரத்தில் யாருக்கும் இது தேவைப்படலாம். பழக்கமாகிவிட்டால், தயக்கத்தைக் கேட்கத் தெரியாத காது நமக்கு வாய்த்துவிடும்.

ஊர் வீட்டுப் பரண்களில் இன்னும் கேசட்டுகள் கிடக்கின்றன. பூஞ்சை பிடிக்கிறது, நாடா ஒட்டிக்கொள்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் அவற்றைக் கணினிக்கு மாற்ற முன்வந்தால் ஒன்று சொல்லுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளைக் கொண்டு காக்கையையும் வானொலியையும் துடைத்துவிட வேண்டாம். பேச்சு முடிந்ததும் பதிவை நிறுத்தவும் வேண்டாம். பின்னால் வருகிற அரைப்பாட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முழுப் பாட்டு இணையத்தில் எத்தனையோ இடங்களில் கிடைக்கும். அந்த அரைப்பாட்டு அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.