காணிக்கையா, கட்டணமா?

பெங்களூரு சிவாஜிநகரில் உள்ள புனித மரியன்னை பேராலயத்தின் தொடக்கம் ஒரு கூரைக் கோயில். செஞ்சிப் பக்கமிருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மிஷனரி அபே துபுவா அதைக் கட்டினார். பெயர் காணிக்கை மாதா கோயில். அந்தக் காணிக்கை பணமல்ல. சிறுமி மரியா எருசலேம் ஆலயத்தில் இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டதையே அது குறிக்கிறது. 1882இல் கோதிக் பாணியில் எழுந்த இன்றைய ஆலயத்துக்கு, செப்டம்பர் 8 திருவிழாவில் காவி உடுத்தி வருகிறவர்களில் பலர் நோய் தீர வேண்டி ஆரோக்கிய அன்னையிடம் நேர்ந்துகொண்டவர்கள்.

நோயிலிருந்து எழுந்தவரின் நன்றிக்குத் தொகை குறிக்கலாமா என்பதே இங்கே கேள்வி. அது ஓர் ஆலயத்தைப் பற்றியதல்ல, எல்லாக் கத்தோலிக்கப் பங்குகளையும் பற்றியது.

தொகை வேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மின்கட்டணமும் கோயில்பிள்ளையின் சம்பளமும் ஜெபத்தால் அடைவதில்லை. பூசைக் கருத்துக்கான, அதாவது ஒருவரின் வேண்டுதலுக்காகப் பூசை வைப்பதற்கான, காணிக்கையை ஆயர்கள் கூடி வரையறுக்கிறார்கள். அதற்குமேல் குரு கேட்கக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். ஆக, அந்தத் தொகை ஏழைக்கு ஒரு காப்பும்கூட. பிழைத்து வந்தவருக்குக் கொடுக்கத் தோன்றும். நீட்டிய கையைத் தட்டிவிடுவதும் அவமதிப்புதான்.

ஆனால் அதே சட்டம் இன்னும் இரண்டைச் சொல்கிறது. பூசைக் காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூடப் படியக் கூடாது. வறியவருக்காகக் காணிக்கை இல்லாமலும் குருக்கள் பூசை வைக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. தொகை அலுவலகப் பலகையில் இருக்கிறது. இந்தச் சலுகை சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. மருத்துவமனைக் கடனோடு வீடு திரும்பியவர் பலகையைப் படிப்பார். புத்தகத்தை யார் அவருக்குக் காட்டுவது?

அரசர்கள் இரண்டாம் நூல் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. தொழுநோய் நீங்கிய நாமான் வெள்ளியும் பொன்னும் பத்துப் பட்டாடைகளும் கொண்டுவந்தான். அவனைக் குணமாக்கிய இறைவாக்கினர் எலிசா எதையும் தொடவில்லை. எலிசாவின் பணியாளன் கேகசி பின்னால் ஓடிப்போய்க் கேட்டு வாங்கினான். நாமானைவிட்ட நோய் அவனைப் பற்றியது. நாமான் கொடுக்க முன்வந்தது அங்கே குற்றமாகவில்லை. குணமான மனிதனைத் துரத்திப்போய்க் கேட்டதே குற்றம்.

அந்தத் துரத்தல் இன்று கைபேசிக்குள் நடக்கிறது. 2020 ஜனவரி முதல் யூபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டுக்கு உண்டு. இணையவழிப் பூசைப் பதிவில் ஒரு பங்கு இதை ‘வசதிக் கட்டணம்’ என்று பக்தர் தலையில் வைத்தால் என்ன ஆகும்? நடந்துவந்து ஜன்னலில் கொடுக்கும் நலமானவர் குறைவாகவும், படுக்கையிலிருந்து கார்டில் அனுப்பும் நோயாளி கூடுதலாகவும் செலுத்துவார்கள். தொகை சிறிதுதான். ஆனாலும் உடம்பு முடியாததற்கே விதிக்கும் அபராதம் அது.

வெளிப்படைத்தன்மைக்கு ஒரு முன்னடி விழுந்திருக்கிறது. பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதென்றால், கொடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் மனமார ஒப்பவும் வேண்டும் என்று 2025 ஏப்ரலில் வத்திக்கானின் குருக்கள் துறை ஆணையிட்டது. நல்லது, ஆனால் கொடுக்க வழியில்லாதவரின் சங்கடத்தை அது தீர்க்காது.

என் தீர்ப்பு இது: காணிக்கை இருக்கட்டும், நோயாளியிடம் கட்டணம் வேண்டாம். நோயில்பூசுதலுக்கும் குணமானவரின் நன்றித் திருப்பலிக்கும் தொகை குறிக்கக் கூடாது. கொடுப்பவர் விரும்பியதைக் கொடுக்கட்டும். கார்டு கட்டணத்தைப் பங்கே ஏற்கட்டும். பலகையில் தொகைக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், ஒரு வரி வேண்டும்: ‘பணம் இல்லாவிட்டாலும் உங்களுக்காகப் பூசை உண்டு.’ பங்கின் வரவு கொஞ்சம் குறையலாம். காணிக்கை என்ற சொல்லுக்கு அந்தக் கூரைக் கோயிலில் இருந்த பொருள் திரும்பி வரும்.