தங்கவயல் ஆய்வின் இரு தடங்கள்

கோலார் தங்கவயலின் பாறைகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றி நெடுங்காலம் எழுதப்படவில்லை. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் காலூன்றியது முதல், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது வரை, அங்கிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குச் சென்றது. அந்த ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள். அவர்களை ஆய்வுப்பொருளாகக் கொண்ட பல்கலைக்கழக முயற்சிகள் 1990-களில்தான் வலுப்பெற்றன.

இங்கிலாந்தின் பொருளியல் வரலாற்றாசிரியர் காலின் சிம்மன்ஸ், கூலி உழைப்பையே நம்பி வாழும் தொழிலாளர் படை தங்கவயலில் எவ்வாறு திரட்டப்பட்டது என்பதை ஆராய்ந்து தொடக்கம் செய்தார். அதை விரிந்த சமூக வரலாறாக்கியவர், பின்னாளில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஜானகி நாயர். 1998-இல் வெளிவந்த அவருடைய நூல் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளரையும் மைசூர் சமஸ்தானப் பின்னணியில் ஒருசேர ஆராய்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான கட்டுரையொன்றில், தங்கத் திருட்டைத் தடுப்பது என்ற பெயரில் சட்டமும் காவலும் தொழிலாளியின் அன்றாட வாழ்வில் எவ்வளவு ஆழமாக ஊடுருவின என்பதை அவர் காட்டியிருந்தார். தங்கம் கலந்த பொருளை வைத்திருப்பதே குற்றமாகக் கருதப்பட்ட இடத்தில், உழைப்பவர் ஒவ்வொருவரும் சந்தேகத்துக்குரியவரானார்.

இந்தப் பின்னணியில்தான் 1930-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் முழுப் பொருள் பெறுகிறது. தொழிலாளர்களைப் பதிவு செய்யக் கைரேகை எடுக்க நிர்வாகம் முற்பட்டபோது, அவர்கள் மூன்று வாரங்கள் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தனர். கைரேகை அக்காலத்தில் குற்றவாளிகளை அடையாளப்படுத்தும் முறையாக அறியப்பட்டிருந்ததால், இந்தப் போராட்டத்தைக் கூலி உயர்வுக்கான மோதல்களின் வரிசையில் வைத்துவிட முடியாது. மானத்தைக் காக்கும் உறுதி அதில் முதலிடம் பெற்றிருந்தது.

அந்த உறுதிக்கு ஊற்று எது என்ற கேள்விக்கு, அதே 1998-இல் வெளிவந்த மற்றொரு நூலில் விடை தேடலாம். சமூகவியலாளர் ஞான. அலாய்சியஸ், அயோத்திதாசப் பண்டிதர் முன்னெடுத்த தமிழ்ப் பௌத்த இயக்கத்தை, ஒடுக்கப்பட்டோர் தமக்கென அமைத்துக்கொண்ட விடுதலை அடையாளமாக அந்நூலில் விளக்கினார். அவ்வியக்கத்தின் பெருந்தளங்களுள் ஒன்று தங்கவயல். அங்குள்ள மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. 1907-இல் சென்னையில் தொடங்கி, பண்டிதர் 1914-இல் மறைந்தபின் தளர்ந்த ‘தமிழன்’ இதழ், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பகலில் பாறையை உடைத்தவர்களின் குடியிருப்புக்குள் சொந்த அச்சகப் பண்பாடு ஒன்று வேரூன்றியிருந்தது என்பது தமிழ் இதழியல் வரலாற்றுக்கே பெருமை. அலாய்சியஸ் தொகுத்த பண்டிதரின் எழுத்துகளைப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999 முதல் வெளியிட்டது, பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளமானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கஜேந்திரன் அய்யாத்துரை 2011-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வும், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. தருமராஜ் 2019-இல் வெளியிட்ட நூலும் பண்டிதரின் சிந்தனையை மேலும் நுணுகிக் கண்டன.

இவ்வாறு ஒரு தடம் தொழிலாளியையும் மற்றொன்று பௌத்தரையும் முதன்மைப்படுத்தினாலும், கைரேகை வைக்க மறுத்தவர்களும் ‘தமிழன்’ படித்தவர்களும் அதே குடியிருப்புகளில், அதே ஆண்டுகளில் வாழ்ந்தவர்கள். நிர்வாக ஆவணங்களையும் இதழ்த் தொகுப்பையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் தங்கவயலின் அரசியல் உணர்வு முழு உருப்பெறும். 2017-இல் கோலாரை ஒட்டி உருவாக்கப்பட்ட பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் துறைகள் இந்தப் பணிக்கு மிக அருகில் உள்ளன. சுரங்கம் மூடியபின் மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகளையும் அவை காலம் தாழ்த்தாமல் பதிவு செய்ய வேண்டும்.